சாயம் விடாத கலர்

காலையில் சலவை நிலையத்தின் பின்கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைபவர் வெள்ளையக்கா. வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலைமுடியை மூடிக் கட்டிய துணியும் வெள்ளை. ஒரு கசங்கல் இருக்காது, கடுகளவு கறை இருக்காது. பக்கத்து பேக்கரியில் மாவு மூட்டை இறக்குகிறவர் ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு, "மாவுல புரள்ற எங்களைவிட இவங்க வெள்ளையா இருக்காங்களே, எப்படி?" என்று கேட்டார். கேட்டது இஸ்திரி மாஸ்டரிடம். வெள்ளையக்காவிடம் கேட்கவில்லை. அவரிடம் யாருமே கேட்டதில்லை.

கேட்காததால் கதைகள் முளைத்தன. "கஞ்சத்தனம்பா" என்றார் மெஷின் ஓட்டுபவர். "எல்லாம் ஒரே கலர்னா எதுக்கு எது மேட்ச்சுன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம் பாரு." துணி மடித்துக் கட்டும் பெண், "முன்னாடி நர்ஸா இருந்திருப்பாங்க, பழக்கம் விடலை" என்றாள். கடைசியில் ஜெயித்தது இஸ்திரி மாஸ்டரின் கதை. "புருஷன் செத்த துக்கம். சில பேரு கறுப்பு போடுவாங்க, சில பேரு வெள்ளை போடுவாங்க. விஷயம் ஒண்ணுதான்."

இந்தக் கதைக்கு ஒரு வசதி இருந்தது. சரிபார்க்கவே முடியாது. செத்தவரைப் பற்றிக் கேட்டால் அந்த அம்மாவின் மனசு நோகும் அல்லவா? ஆகவே எல்லோரும் ரொம்ப மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள். வருடங்கள் போகப் போக ஊகம் கெட்டியாகி, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் தகவல் ஆகிவிட்டது: "கழிவறை அந்தப் பக்கம். டீ பத்தரைக்கு. வெள்ளையக்காகிட்ட வீட்டுக்காரரைப் பத்திப் பேசிடாதே."

உண்மையான காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

நிலையத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று அழுக்குப் பக்கம், மற்றது சுத்தப் பக்கம். பெரிய மெஷின்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கும். இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. அழுக்காகப் போகும் துணி வெளுத்து மறுபக்கம் வரும். ஆஸ்பத்திரித் துணி வருவதால் சுத்தப் பக்கத்து ஆட்கள் அழுக்குப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அங்கே வெள்ளையக்கா தனி ராஜாங்கம். நீளமான மேஜை, ஒரு கிண்ணம் தண்ணீர், சுற்றிலும் மூட்டைகள்.

அவர் வேலை பிரிப்பது. டீ வரை மூட்டைகளை எண்ணி எழுதுவார், டீக்குப் பிறகுதான் பிரிக்கத் தொடங்குவார். எது வெந்நீரில் போகலாம், எது போகக் கூடாது, எது எதோடு சேரலாம், எது யாரோடும் சேரக் கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரின் கோட்டுப் பையில் புதுச் சிவப்புக் கைக்குட்டை ஒன்று ஒளிந்திருந்தது. அன்று போட்ட கோட்டு எல்லாம் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. மாற்றுக் கோட்டு தைத்து வரும்வரை ஆஸ்பத்திரி முழுக்க டாக்டர்கள் ரோஜா நிறத்தில் நடமாடினார்கள். குழந்தைகள் வார்டில் அழுகை குறைந்ததாகக்கூடச் சொன்னார்கள். ஆனால் சலவை நிலையத்தில் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளையக்கா சந்தேகப்பட்ட எதையும் சோதிக்காமல் உள்ளே விட்டதில்லை. விரலைத் தண்ணீரில் நனைத்துத் துணியின் உள்தையலில் தடவி, வெள்ளைத் துணியில் அழுத்தி எடுப்பார். நிறம் ஒட்டினால் அது தனி. முதலில் இதற்கு ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருந்தார். மூட்டைகளுக்கு நடுவே துண்டு அடிக்கடி காணாமல் போனது. கை காணாமல் போகாது. எனவே சட்டையின் இடது கையே சோதனைத் துணி ஆனது.

மதியத்துக்குள் அந்தக் கை ஒரு கண்காட்சி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் சிவப்பு டை அதில் ஒரு கோடு விட்டிருக்கும். "சிவப்பு டை கட்டிட்டுப் போனா எதிர்ல இருக்கறவன் அடங்கிடுவான்" என்று முன்கவுண்டரில் பெருமையடிக்கும் மனிதர்; டை மழையில் நனைந்து அவர் காலரையே ரத்தக் களறி ஆக்கியது அவருக்கும் வெள்ளையக்காவுக்கும் மட்டும் தெரியும். கல்லூரிக்குப் போகும் ஒருவனின் கறுப்புச் சட்டைகள் கொஞ்சம் பச்சையாகவும் கொஞ்சம் ஊதாவாகவும் ஒட்டும். அவன் கறுப்புதான் கம்பீரம் என்பவன். அவன் அம்மா சட்டைகளைக் கொடுக்கும்போது, "முடிஞ்சா எல்லாத்தையும் வெளுத்துடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போவாள்.

வேலை முடிந்ததும் வெள்ளையக்கா அந்தச் சட்டையைக் கழற்றி, ஆஸ்பத்திரித் துணியோடு ப்ளீச்சில் போட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கும் இன்னொரு வெள்ளையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வேலைக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு அலமாரி வைத்துக்கொள்ள அவருக்குப் பொறுமையில்லை. அவ்வளவுதான் சங்கதி. அவரும் அதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார்.

வேன்காரருக்குத் தெரியாது. அவர்தான் காலையில் மூட்டைகளைக் கொண்டுவந்து அழுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாகத் தள்ளுபவர். அந்த நேரத்தில் வெள்ளையக்காவின் கை பளிச்சென்று இருக்கும். சாயங்காலம் வேன் திரும்பும்போது அவர் போயிருப்பார். ஜன்னலில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றே.

"ஆஸ்பத்திரி மூட்டை, மேடம்."

"வெச்சிடுங்க."

வேன்காரரின் மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகள் படிக்க வெளியூர் போய்விட்டாள். வீட்டில் அவரும் ஒரு ரேடியோவும்தான். துக்கத்தின் நடுவே ஒருவர் வந்து பல்லைக் காட்டினால் எப்படி எரிச்சல் வரும் என்று அனுபவப்பட்டவர். அதனால் வெள்ளையைத் தினமும் பார்த்தார், தினமும் ஒரு மூடிய கதவைப் பார்த்ததுபோல் திரும்பினார். ஆனால் நிலையத்தில் முதலாளியம்மா தவிர சின்னவர் பெரியவர் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடும் பெண்ணை அவர் மட்டும் ஒருநாளும் அக்கா என்று சொல்லவில்லை.

இதை இரண்டு பேர் கவனித்திருந்தார்கள். இஸ்திரி மாஸ்டருக்கு உடனே புரிந்தது. வெள்ளையக்காவுக்கு நேர்மாறாகப் புரிந்தது: 'ஊரே அக்காங்குது, இவர் மட்டும் மேடம்ங்கறாரு. எட்டவே நிறுத்தி வெக்கிறாரு.'

அந்த வாரம் திங்கட்கிழமை முதலாளியம்மா ஒரு வாரப் பத்திரிகையோடு டீ நேரத்துக்கு வந்தார். நிலையத்தின் பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடிக்க வேண்டும். எந்த நிறம் என்று முடிவு செய்வதற்காக வாங்கினாராம். பிடித்த நிறத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லும் பக்கத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மாஸ்டர், உங்களுக்கு என்ன கலர்?"

"மஞ்சள்."

"மஞ்சள்... கூர்மையான புத்தி. சபையில் இவர் பேச்சு எடுபடும்."

"எழுதினவன் என்னைப் பார்த்திருக்கான்" என்று மாஸ்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முதலாளியம்மா கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "இல்ல மாஸ்டர், அது பச்சைக்கு. மஞ்சளுக்கு, வேலையைத் தள்ளிப்போடுவார்னு இருக்கு." மாஸ்டரின் கால் கீழே இறங்கியது.

வேன்காரர் குனிந்து தன் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "நீலம்" என்றார்.

"நீலம். நம்பலாம். ஆனா மனசுல இருக்கறதை வெளியே சொல்லமாட்டார்."

"இதுக்குப் பத்திரிகை எதுக்கு? நானே சொல்லியிருப்பேனே" என்றார் மாஸ்டர்.

அடுத்து உட்கார்ந்திருந்தது வெள்ளையக்கா. முதலாளியம்மா அவரைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மடித்துக் கட்டும் பெண்ணிடம் போய்விட்டார்.

"என்னை ஏம்மா தாண்டிட்டீங்க?" என்றார் வெள்ளையக்கா.

எல்லோரும் டீக்குள் பார்வையை விட்டார்கள்.

"இல்லம்மா, உனக்கு எதுக்கு சங்கடம்னு..."

"கலர் சொல்றதுல என்ன சங்கடம்? எனக்குச் சாயம் விடாத கலர் பிடிக்கும்."

மெஷின் ஓட்டுபவர் டீயைத் துப்பிவிட்டார். முதலாளியம்மா நல்ல பிள்ளையாகப் பக்கத்தை மேலும் கீழும் தேடினார். "அப்படி ஒரு கலர் இதுல இல்லையேம்மா."

சிரிக்காதவர் வேன்காரர் ஒருவர்தான். டீ முடிந்ததும் மாஸ்டர் அவரை வேனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"என்ன மச்சான், மூஞ்சியே சரியில்லை?"

"நம்மகிட்ட துணி போடற ஹோட்டல்காரங்க அடுத்த ஊர்ல சொந்தமா சலவை ஆரம்பிக்கறாங்க. வேன் எல்லாத்துக்கும் என்னைப் பொறுப்பா கூப்பிடறாங்க. தங்க இடமும் உண்டு. சனிக்கிழமை வந்து முடிவு சொல்லணுமாம்."

"போறியா?"

"இங்க எனக்கு என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்தப் பத்திரிகைக்கே தெரிஞ்சுபோச்சு. நான் அவங்களை அக்காங்கறேன். உன்னை எத்தனை வருஷமா மச்சான்ங்கறேன். ஒரு தடவையாவது யோசிச்சியா, கணக்கு சரியா வருதேன்னு?"

"சும்மா இரு மாஸ்டர். அவங்க இன்னும் துக்கத்துல இருக்காங்க. மனசுல ஆள் இருக்கறப்ப போய்க் கதவைத் தட்டக் கூடாது."

மாஸ்டர் குனிந்து வேன் டயரை ஆராய்ந்தார். துக்கக் கதையைக் கட்டியதே அவர்தானே. ஆனால் சனிக்கிழமை விஷயத்தை மட்டும் அவர் வயிற்றில் வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்குள் நிலையம் முழுவதும் பரவி, மெஷின் கதவுகள் வழியாகவே அழுக்குப் பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று வெள்ளையக்கா ஊழியர்களின் துணி மூட்டையைப் பிரிக்கும்போது நீலச் சட்டைகளை ஒருமுறைக்கு இரண்டுமுறை உதறி மடித்தார். பிறகு, துவைக்கப் போகிற துணியை யாராவது மடிப்பார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு மெஷினுக்குள் எறிந்தார்.

புதன்கிழமை ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டம். திரைச்சீலைகளை உடனே துவைத்துத் தர வேண்டும் என்று தொலைபேசி வந்தது. வேன்காரர் முதல் தடவையாக மத்தியான நேரத்தில் அழுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, கருஞ்சிவப்புத் திரைகளின் பெரிய மூட்டையைத் தள்ளினார். வெள்ளையக்கா ஒரு முனையை இழுத்தார், விரலை நனைத்தார், தடவினார், முழங்கைக்குக் கீழே அழுத்தினார்.

வேன்காரர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிவப்பு, கறுப்பு, கரும்பச்சை, காப்பி நிறம், பெயர் சொல்லத் தெரியாத இன்னும் சில. விரல் அகலத் திட்டுகளாக, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை.

"மேடம்... என்ன இது?"

"எது?"

"கை."

"சாயம் பார்க்கறேன். வேற எதுல பார்க்கறது? அதுக்குத்தானே வெள்ளை போடறேன்."

"அதுக்கா போடறீங்க?"

"பின்னே எதுக்கு?"

வேன்காரர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபடி வாய்க்குமா என்று தெரியாத சந்தர்ப்பம். "உங்க வீட்டுக்காரர் இறந்ததாலன்னு..."

வெள்ளையக்காவின் கையிலிருந்து திரை நழுவியது. "செத்துட்டாரா? எப்போ?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான்..."

"போன மாசம்கூட பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பார்த்தேனே! செருப்புக் கடையில உக்காந்து யாரோடயோ சண்டை போட்டுட்டிருந்தாரு. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. இங்க எல்லாரும்..."

"எல்லாருமா?"

"நான் சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க."

வெள்ளையக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் முதலில் நிம்மதி வந்தது. பழைய வீட்டுக்காரர்மேல் பகை எதுவும் கிடையாது. பொருந்தாமல் பிரிந்து, கோர்ட்டில் முறையாக முடித்து, அவர் வேறு கல்யாணமும் செய்துகொண்டாயிற்று. நிம்மதிக்குப் பின்னால் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமாகத் தனக்கு மட்டும் கடைசித் துண்டு கேக் ஒதுக்கி வைத்தது, வீட்டுக்காரர் என்று யாராவது ஆரம்பித்தால் இருமியது, முதலாளியம்மா தாண்டிப் போனது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வர, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார்.

"பாவம், அந்த மனுஷனை இத்தனை வருஷமா சாகடிச்சு வெச்சிருக்கீங்களே!"

வேன்காரருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் கண் இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. "அப்போ வெள்ளை உங்களுக்குப் பிடிச்ச கலர் இல்லை?"

"இல்லையே."

"வேற என்ன பிடிக்கும்?"

எளிய கேள்விதான். வெள்ளையக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். மூட்டைகளைப் பார்த்தார். எத்தனையோ வருடங்களாக ஒரு நிறத்தைப் பார்த்ததும் அவர் மனதில் வந்த முதல் கேள்வி இது எதைக் கெடுக்கும் என்பதுதான். அழகா என்று பார்த்த ஞாபகமே இல்லை.

"தெரியலைங்க" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "இந்தத் திரைகூட நல்லாத்தான் இருக்கு. இப்பதான் பார்க்கறேன்."

செய்தி சுவரைத் தாண்ட அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் டீ நேரத்தில் இஸ்திரி மாஸ்டர் தலை நிமிரவே இல்லை. "நான் துக்கம் மாதிரி தெரியுதுன்னுதான் சொன்னேன். செத்துட்டாருன்னு சொன்னது மெஷின்காரர்." மெஷின் ஓட்டுபவர், "நான் கஞ்சம்னு சொன்னவன். என்னை இதுல இழுக்காதே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கு வேன்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மறுநாள் சனிக்கிழமை என்பது எல்லோர் தலையிலும் இருந்தது. அவர் நேராக வெள்ளையக்காவிடம் போய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

"திரை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அந்தக் கலர்லயே பார்த்தேன்."

உள்ளே கருஞ்சிவப்பில் ஒரு சால்வை. வெள்ளையக்கா அதை மடியில் விரித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு, யோசிக்காமலே, பக்கத்திலிருந்த தம்ளரில் விரலை நனைத்து ஓரத் தையலில் தடவி, பளிச்சென்ற வெள்ளைக் கையில் அழுத்தினார்.

எடுத்தபோது அங்கே ஒரு சிவப்புத் திட்டு, சுடச்சுட.

"போச்சுடா" என்றார் மாஸ்டர். "வாழ்க்கையில ஒரு தடவை வாயைத் திறந்தான். அதுவும் சாயம் விடுது."

வேன்காரரின் முகம் சால்வை நிறத்துக்கு வந்துவிட்டது. "சாயம் போகவே போகாதுன்னு கடைக்காரர் சொன்னாரு."

"எல்லாக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வாங்க."

"குடுங்க, மாத்திட்டு வந்துடறேன்."

வெள்ளையக்கா கொடுக்கவில்லை. சால்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எதுக்கு மாத்தணும்? சாயம் விடறது நின்னுடும். தனியா உப்புத் தண்ணியில ஊறவெச்சு, அலசி, மறுபடி ஊறவெச்சு அலசணும். அவசரப்பட்டா கெட்டுப்போயிடும். நாள் எடுக்கும்." சால்வையை மடித்தார். "நாளைக்கு ஊரைவிட்டுப் போறவங்க இதெல்லாம் வாங்கக் கூடாது."

டீ தம்ளர்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன.

"போகலைன்னா?" என்றார் வேன்காரர்.

"போகலைன்னா அலசிடலாம்."

வேன்காரர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேன் நின்ற பக்கம் நடந்தார். ஹோட்டல்காரரிடம் அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் வழக்கத்தைவிட நிறையப் பேசியதைப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தார். "நான் அன்னைக்கே படிச்சிருக்கணும். வெள்ளைக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? புதிய தொடக்கம்னு போட்டிருக்கு!"

"அதுதான் என் கலரே இல்லையேம்மா" என்றார் வெள்ளையக்கா.

"அதனால என்ன, பலிச்சுதா இல்லையா?" பெயர்ப்பலகைக்கு அன்றே கருஞ்சிவப்பு என்று முடிவாயிற்று.

அன்று மாலை கழற்றிய சட்டை ப்ளீச்சுக்குள் போகவில்லை. வெள்ளையக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் கையாலேயே துவைத்திருக்க வேண்டும். மற்ற திட்டுகள் போயிருந்தன. சனிக்கிழமை காலை பின்கதவு திறந்தபோது வெள்ளையக்கா வழக்கம்போல முதலில் உள்ளே போனார். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே அந்தச் சிவப்பு மட்டும் வெளிறி ரோஜா நிறத்தில் இருந்தது.

வேன் வந்தது. மூட்டைகள் ஜன்னலில் ஏறின.

"ஆஸ்பத்திரி மூட்டை" என்றார் வேன்காரர். மேடம் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

"வெச்சிடுங்க."

அவர் வைத்தார். போகவில்லை. "அன்னைக்குக் கேட்டேனே, பிடிச்ச கலர். யோசிச்சீங்களா?"

வெள்ளையக்கா மூட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "முதலாளியம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

"சாயம் விடாத கலர்னு சொன்னீங்க. அப்படி ஒண்ணு இல்லைன்னுட்டாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்?" வெள்ளையக்கா நிமிர்ந்து அவருடைய யூனிஃபார்ம் சட்டையை, காலரிலிருந்து கைமடிப்புவரை ஒருமுறை பார்த்தார். "இந்த நீலம் ஒரு தடவைகூட விட்டதில்லை. நான் எப்பவோ பார்த்துட்டேன்."